லட்சுமியை ஒளித்துவைத்த பாட்டு

ஆடிப் பதினெட்டு நெருங்க நெருங்க எங்கள் பிரஸ்ஸில் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வையே மாறிவிடும். அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தைச் சிவகாசியில் அன்றைக்குத்தான் பூஜை போட்டு வெளியே காட்டுவார்கள். அதுவரைக்கும் எந்த முதலாளி எந்த முருகனை, எந்தப் பிள்ளையாரைப் புதிதாகப் போடப்போகிறார் என்பது வீட்டுக்காரிக்குக்கூடச் சொல்லாத ரகசியம். டிசைன் முன்கூட்டியே கசிந்துவிட்டால், பக்கத்துப் பிரஸ்காரர் அதிலேயே கொஞ்சம் மஞ்சளைக் கூட்டி, விலையைக் கொஞ்சம் குறைத்து முந்திக்கொள்வார். பிறகு ஏஜெண்டுகள் எங்கள் வாசல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த வருடங்கள் அவை. நான் டிசைன் செக்‌ஷனில் இருந்தேன். திருத்தங்கலிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வருவேன். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா விடியும் முன் வேன் ஏறிப் பட்டாசுக் கம்பெனிக்குப் போவாள். எங்கள் சொந்தபந்தத்தில் கம்ப்யூட்டரைத் தொட்ட முதல் ஆள் நான்தான். ஓவியர்கள் வரைந்து அனுப்பும் சாமிப் படங்களை ஸ்கேன் செய்து, நகையை மினுக்கி, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டு, கன்னத்தில் லேசாக ரோஸ் தடவிக் கொடுப்பது என் வேலை. தென் ஜில்லாக்களில் எத்தனையோ அடுப்படிகளில் தொங்கிய பிள்ளையாரின் தொப்பை என் கையால் பளபளத்ததுதான். யார் பாராட்டினாலும் பாராட்டாவிட்டாலும் எனக்கு அதில் கர்வம் உண்டு.

ஆனி பிறந்ததும் கேட்டில் சோதனை தொடங்கும். போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். டிபன் பாக்ஸைக்கூடத் திறக்கச் சொல்லி வாட்ச்மேன் மூக்கை நீட்டுவார். செல்போன் வைத்திருந்தவர்கள் அதை ஆபீஸ் மேஜையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சிடி எழுதும் மெஷின் முதலாளி அறையில் மட்டும்தான், சாமி அறை மாதிரிப் பூட்டிக்கிடக்கும். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. நானும் லேசுப்பட்ட சந்தேகப் பிராணி அல்ல. பக்கத்துச் சீட்டுக்காரன் என் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் குடித்தால், தண்ணீர் குடிக்க வந்தானா, பார்க்க வந்தானா என்று இரண்டு நாள் யோசிப்பேன். அந்த ஊரில் அப்படி இல்லாதவர் பிழைக்க முடியாது.

அப்படி ஒரு வருடத்து ஆனியில்தான் மேனேஜர் ஒரு வினோதமான ஆர்டரைக் கொண்டுவந்தார். சென்னை ஏஜெண்ட் ஒருவர் மூலம் வெளிநாட்டிலிருந்து வந்த ஆர்டர். ஏதோ ஒரு பாட்டுக் குழு சிடி போடுகிறார்களாம். அதன் மேலட்டையும் உள்ளே வைக்கும் சின்னப் புத்தகமும் நாங்கள் அடித்துக் கொடுக்க வேண்டும். அட்டையில் ஒரு பழைய சர்ச் ஜன்னலின் கண்ணாடிச் சித்திரம். புத்தகத்தில் இருந்த இங்கிலீஷ் எனக்குத் தட்டுத்தடுமாறிப் புரிந்தது. நானூறு ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய பாட்டுகள், சர்ச்சில் பாட எழுதியவை, லத்தீன் என்கிற பாஷை, கூடவே அந்தக் காலத்து வாத்தியங்கள். பாட்டு வரிகளை டைப் செய்தால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு வார்த்தைக்கும் அடியில் சிவப்புக் கோடு போட்டது. பக்கம் முழுக்கச் சிவப்பு. இது நல்ல ஆர்டரா, போலீஸ் வருகிற ஆர்டரா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அப்போது திருட்டு சிடிக்காகக் கடைக்குக் கடை ரெய்டு நடந்துகொண்டிருந்த நேரம்.

பின்னட்டையில் பாட்டுகளின் வரிசை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அவர்கள் ஒரு சிடியும் அனுப்பியிருந்தார்கள். மேனேஜர் அதை என்னிடம் கொடுத்து, எந்தப் பாட்டு எதற்குப் பின் வருகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று ஒத்துப்பார்க்கச் சொன்னார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு ஆள் நீளமாக ஒரு வரியைப் பாடத் தொடங்குகிறார். அவர் முடிப்பதற்குள் இன்னொருவர் அதே வரியைக் கொஞ்சம் மேலே பிடித்துக்கொண்டு வருகிறார். பிறகு பெண்குரல் ஒன்று, அதற்குப் பிறகு அடியில் தொண்டையைச் செருமுவது போல ஒரு கனத்த குரல். மத்தளம் இல்லை, தாளம் தட்ட ஆள் இல்லை. யார் முன்னால் போகிறார், யார் பின்னால் வருகிறார் என்று தேடித்தேடிக் களைத்துப்போனேன். பாட்டுகளை ஒத்துப்பார்த்து முடித்த பிறகும், இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். வேலைக்காக இல்லை.

ஏன் பிடித்தது என்று இன்றைக்கும் என்னால் விளக்கிச் சொல்ல முடியவில்லை. தெரிந்தவரைக்கும் சொல்கிறேன். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை ஆஃப்செட் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும் இடம் எங்கள் பிரஸ். ஒருவர் பேச வேண்டுமென்றால் இன்னொருவர் பேச்சை அமுக்கித்தான் பேச வேண்டும். அந்தப் பாட்டில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள், ஒருவர் குரலும் நசுங்கவில்லை. ஒருவர் மேலே ஏறினால் இன்னொருவர் இறங்கி வழிவிட்டார். அதைக் கேட்கக் கேட்க எனக்குத் தோள்பட்டை தானாகத் தளர்ந்தது. அவ்வளவுதான்.

ஆர்டர் அடித்து முடித்துச் சென்னைக்கு லோடு போன அன்று சிடியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். இனி இது எதற்கு, குப்பையில்தான் போட வேண்டும், வேண்டுமென்றால் நீயே வைத்துக்கொள் என்றார் மேனேஜர். கழுத்துக் காலரில் கைக்குட்டையைச் செருகிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். வாட்ச்மேனிடம் நான் சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னார். சொன்னார் என்பதை நான் இங்கே அழுத்தியே எழுதுகிறேன்.

வீட்டில் ஒரு பழைய விசிடி பிளேயர் இருந்தது. அதில் போட்டேன். கம்பெனியிலிருந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா, யார் வீட்டில் துட்டி, செத்தது யார் என்று கேட்டாள். பாட்டும்மா என்றேன். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். நாங்கள் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களாகிவிட்டோம் என்று தெருவில் பேச்சுக் கிளம்பும், சத்தத்தைக் குறை என்றாள். அதன் பிறகு நான் வீட்டில் அதிகம் போடவில்லை. பையிலேயே வைத்துக்கொண்டு, பிரஸ்ஸில் சாப்பாட்டு நேரத்தில் ஹெட்போனில் கேட்பேன். போகும்போது வாட்ச்மேன் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், மேனேஜர் சொன்ன பாட்டு சிடிதானே என்று கேட்பார், விடுவார்.

பட்டாசுக்கு ட்யூப் சுற்றப் பிரஸ்களின் வேஸ்ட் பேப்பரைத்தான் கட்டுக்கட்டாக வாங்குவார்கள். முதலாளியின் சகலைக்குத் தாயில்பட்டி பக்கம் ஒரு பட்டாசு யூனிட் இருந்தது. ஒரு நாள் அங்கே ட்யூப் சுற்றும் பெண்கள் ஒரு கட்டைப் பிரித்தபோது, உள்ளே ஒரு புது லட்சுமி. கலர் பிடிக்காமல் ஒதுக்கிய ஷீட். சகலை எதேச்சையாகப் பார்த்துவிட்டு, அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேரே எங்கள் பிரஸ்ஸுக்கு வந்துவிட்டார். அது எங்கள் லட்சுமி. அதே முகம், அதே தாமரை, இரண்டு பக்கமும் அதே யானைகள். எங்களுடையது மயில்கழுத்து நிறப் புடவை, இது அரக்கு நிறம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கட்டு வந்தது வேறொரு பிரஸ்ஸிலிருந்து.

அந்த வருடத்து ஆல்பத்தின் முதல் பக்கம் அந்த லட்சுமிதான். முதலாளி சத்தம் போடவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. அன்று மத்தியானம் எல்லோருடைய பையையும் கொட்டச் சொன்னார். என் பையிலிருந்து சீப்பு, குடை, டிபன் பாக்ஸ், அந்த சிடி. லட்சுமியைக் கம்ப்யூட்டரில் மினுக்கியது நான். வெளியே போய்வரும் ஒரே சிடி என்னிடம். கூட்டிக் கழித்துப் பார்க்க ஒருவருக்கும் நேரம் ஆகவில்லை.

மேனேஜர்தான் கொடுத்தார் என்று சொன்னேன். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் காலரிலிருந்து கைக்குட்டையை உருவி முகத்தைத் துடைத்தார்.

"குடுத்ததா ஞாபகம் இல்லையே தாயி," என்றார். "வேலைக்குத்தானே குடுத்தேன்."

வாட்ச்மேனும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார். வேலை போவது ஒன்றும் பெரிதில்லை. டிசைன் களவாண்டவள் என்று பெயர் வந்துவிட்டால், சிவகாசியில் எந்தப் பிரஸ்ஸும் கேட்டுக்குள் விடாது. திருத்தங்கலிலும் விடாது. கம்ப்யூட்டர் படித்த ஒரே பிள்ளை தீப்பெட்டி ஒட்டப் போக வேண்டும், அதுவும் திருடி என்ற பெயரோடு. அச்சடிக்காமலே ஊர் முழுக்கப் பரவும் பெயர் அது.

முதலாளி இரண்டு காரியம் செய்தார். ஒன்று, அம்மாவைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். வயசுப் பெண்ணை வீட்டு ஆள் இல்லாமல் விசாரிக்கக் கூடாது என்பதில் அவர் கறார். இரண்டு, கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு வந்திருந்த தன் மகனைக் கூப்பிட்டார். சின்ன முதலாளி சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, இதில் பாட்டு மட்டும்தான் இருக்கிறது, படம் எதுவும் இல்லை என்றார். எனக்கு மூச்சு வந்தது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். படித்த பிள்ளை, தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கம்ப்யூட்டருக்குப் படமும் பாட்டும் ஒன்றுதான், வெறும் நம்பர்தான், நினைத்தால் படத்தைப் பாட்டுக்குள்ளே ஒளித்துவைக்கலாம், வெளியே தெரியாது என்றார்.

முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். ஒளித்தால் பாட்டு எப்படிக் கேட்கும் என்று கேட்டார். கொஞ்சம் கோணலாகக் கேட்கலாம் என்றார் மகன், இழுத்தாற்போல. அப்படியானால் போடு, முழுதாகக் கேட்போம் என்றார் முதலாளி.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். கம்பெனியிலிருந்து அப்படியே வந்திருந்தாள். நெற்றி முடியிலும் புறங்கையிலும் அலுமினியத் தூள் மின்னியது. நாற்காலியைக் காட்டினார்கள், உட்காரவில்லை. விஷயத்தை முதலாளியே பொறுமையாக எடுத்துச் சொன்னார். அம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"எம் மக களவாங்குற வகையறா இல்லீக," என்றாள். "நல்லாத் தேடிப் பாத்துக்கோங்க. எதையும் விட்டுறாதீக."

அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இல்லை. எனக்கு அப்போதுதான் முதுகு நிமிர்ந்தது. இனி யார் என்ன சொன்னாலும் சரி என்று இருந்தது.

முதலாளி அறைக்குள் அவர், மகன், சகலை, மேனேஜர், அம்மா, நான். கதவைச் சாத்திவிட்டு ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டார்கள். முதல் குரல் தனியாக எழுந்தது. அடுத்த குரல் சேர்ந்த உடனே முதலாளி கையைத் தூக்கினார்.

"நிறுத்து. இப்ப உள்ள வந்தானே, அவன் யாரு?"

யாருக்கும் தெரியவில்லை. எனக்குத்தான் தெரியும். அது இரண்டாவது ஆள், முன்னால் பாடியவர் பாடியதையே அவரும் பாடுகிறார், இன்னும் இரண்டு பேர் இப்படியே வருவார்கள் என்று சொன்னேன். மறுபடி ஓடவிட்டார்கள். நான் சொன்னபடியே மூன்றாவது குரல் வந்தது, நான்காவது வந்தது. ஒவ்வொரு குரல் வரும்போதும் முதலாளி கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முன்னால போறவன் பாடுனதையே பின்னால வர்றவன் எடுத்துப் பாடுறான். அப்ப இதுக்குப் பேரு என்ன, காப்பிதானே?"

மேனேஜர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். எந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வர வேண்டும் என்று இல்லையா, வந்தது. காப்பிதான், ஆனால் முன்னால் பாடியவர் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை என்று சொல்லிவிட்டேன். சகலை என்னை முறைத்தார். பிரஸ்ஸில் வேலை செய்கிற பெண் காப்பிக்கு வக்காலத்து வாங்கினால் எப்படி இருக்கும் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

பாட்டுக்குப் பாட்டு இதே கதைதான். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் எல்லோரும் ஸ்பீக்கர் பக்கம் சாய்வார்கள். மௌனத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று நினைத்தார்கள் போல. குரலே இல்லாமல் வாத்தியம் மட்டும் வரும் ஒரு பாட்டு நடுவில் உண்டு. சளி பிடித்த நாயனம் மாதிரி ஒரு குழல், வில் போட்டு இழுக்கும் கம்பி வாத்தியங்கள், கூடவே அமுக்கி ஊதிய எக்காளம் போன்ற ஒன்று. அது தொடங்கியதும் சின்ன முதலாளிக்கு முகம் மாறிவிட்டது. இதில் வார்த்தையே இல்லை, ஒளிப்பதாக இருந்தால் இங்கேதான் ஒளிப்பார்கள் என்றார். அதை மட்டும் திரும்பவும் போட்டுக் கேட்டார்கள். ஓரிடத்தில் குழல்காரர் மூச்சு வாங்குவது கேட்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. எத்தனையோ மைல் தள்ளி, முகம் தெரியாத ஒரு மனிதர் மூச்சு வாங்குகிறார். அந்த மூச்சைத்தான் சகலை, இதென்ன உஸ்ஸென்று சத்தம் என்று பிடித்தார். அது மூச்சு என்றேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறாள் என்றார் அவர்.

அதுதான் எனக்கு வினையாக முடிந்தது. தெரியாது என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ. எந்தப் பாட்டில் எந்தக் குரல் எப்போது வரும் என்று நான் சொல்லச் சொல்ல, அந்த அறையில் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் முதலாளி பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னிடம் நேராகக் கேட்டார்.

"இதுல தாளம் இல்ல. பல்லவி இல்ல. ஒரு வார்த்தை உனக்கும் புரியாது, எனக்கும் புரியாது. இதப் போயி இம்புட்டு மனப்பாடமா எதுக்கும்மா கேட்டே?"

"சும்மாதான் மொதலாளி," என்றேன். "கேக்க நல்லா இருந்துச்சு."

சும்மா என்று சொன்னதுதான் தாமதம், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மழை பெய்யாத பூமி என்பதால் வானத்தை நம்பாமல் நெருப்பையும் பேப்பரையும் நம்பிப் பிழைத்த ஊர் அது. அங்கே யாரும் எதையும் சும்மா செய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட எங்காவது ஒரு மெஷின் ஓடும். பட்டாசுக் கம்பெனிக்காரி மகள், லத்தீன் பாஷைச் சர்ச் பாட்டை, நல்லா இருக்கிறது என்று கேட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? களவாண்டேன் என்று அவர்கள் சொன்னது வலிக்கவில்லை, அது பொய் என்று எனக்குத் தெரியும். பிடித்தது என்று நான் சொன்ன ஒரே நிஜத்தைத்தான் அவர்கள் பொய் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மிச்சத்தையும் கேட்டுவிடலாம் என்றார் முதலாளி. கடைசிப் பாட்டு ஆமென் என்ற ஒற்றைச் சொல்லிலேயே ரொம்ப நேரம் சுற்றிச் சுற்றி வரும். அது ஓடும்போதுதான் அம்மாவைப் பார்த்தேன். எப்போது உட்கார்ந்தாளோ தெரியவில்லை, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். தலை லேசாக ஸ்பீக்கர் பக்கம் சாய்ந்திருந்தது. குரல்கள் ஒவ்வொன்றாக மேலே ஏற ஏற அவள் நெற்றி சுருங்கி, விரிந்து, மறுபடி சுருங்கியது. மடியில் கிடந்த மின்னும் கை அசையவே இல்லை. வீட்டில் ஜன்னலைச் சாத்தியவள் இன்றைக்கு இப்படிக் காது கொடுக்கிறாளே, இவளுக்கும் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அந்த அறையில் நான் தனியாள் இல்லை என்று நெஞ்சு நிறைந்துபோனது.

பாட்டு முடிந்தது. அதன் பிறகு வெறும் அமைதி. அதையும் கேட்டார்கள். பிளேயர் தானாக நின்றது.

இதில் ஒன்றும் இல்லை, போய் வேலையைப் பார் என்றார் முதலாளி. நல்ல மனிதர்தான், ஆதாரம் இல்லாமல் தண்டிக்க மாட்டார். ஆனால் எதுக்கும் இருக்கட்டும் என்று மகனிடம் கண்ணைக் காட்டினார். சின்ன முதலாளி மேஜை டிராயரிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்து, சிடியைக் குறுக்கே வெட்டினார். அது வெட்டுப்படாமல் தெறித்து உடைந்தது. துண்டுகளை மேனேஜர் குனிந்து பொறுக்கினார். ஒன்றும் இல்லை என்று கேட்டுத் தெரிந்த பிறகு எதற்காக உடைக்க வேண்டும் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. வேலை போகாமல் தப்பியிருந்தது, அம்மா பக்கத்தில் நின்றாள். கேட்கவில்லை.

யார் களவாண்டார்கள் என்பதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். யாரும் களவாடவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு ஆல்பமும் வெளியே வந்தபோது, இரண்டு முதலாளிகளும் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தார்கள். படம் வரைந்த ஓவியரை வரவழைத்தார்கள். வெளியூர்க்காரர். இரண்டு பிரஸ்ஸுக்கும் அவர்தான் கொடுத்திருந்தார். புடவை நிறத்தை மாற்றினால் அது வேறு லட்சுமிதானே என்று அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாராம். முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். அடுத்த வருடமும் அவரிடம்தான் படம் வாங்கினார். எனக்கு ஆடி ஸ்வீட்டோடு ஒரு பாக்கெட் சாத்தூர் காராச்சேவு கூடுதலாக வந்தது. மன்னிப்பு என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் மற்றவர்களுக்குக் கூடுதல் பாக்கெட் இல்லை. மேனேஜர் அதன் பிறகு என்னைக் கண்டால் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கடந்துபோவார். அவர் திருடர் இல்லை, கோழை என்று மட்டும் தெரிந்தது. எனக்கென்னவோ திருடராகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஓவியர் விஷயத்தை அன்றைக்கே ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அப்படியா என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அவளுக்கு அதில் தெரிந்துகொள்ள ஒன்றும் பாக்கி இல்லை. விசாரணை நடந்த அன்று சாயங்காலமே, பஸ்ஸில், அவள் மனதில் அந்த விஷயம் முடிந்துவிட்டது.

அன்றைக்கு இருவரும் ஒன்றாகத்தான் பஸ் ஏறினோம். கூட்டம் அதிகமில்லை, ஜன்னலோரம் எனக்கு விட்டாள். கண்டக்டரிடம் அவளே டிக்கெட் வாங்கினாள். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு பிரியம் பொங்கிக்கொண்டிருந்தது. அத்தனை ஆண்கள் நடுவில் நின்று அவள் சொன்ன வார்த்தையை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப்பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடைசிப் பாட்டு உனக்கும் பிடித்திருந்ததா அம்மா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவள் முன் சீட்டையும் பின் சீட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் காதுக்கு அருகில் குனிந்தாள்.

"எங்கிட்டயாச்சும் சொல்லு தாயி. நானும் கண்ண மூடிட்டு எம்புட்டோ கேட்டுப் பாத்துட்டேன், பிடிபடல. எங்கன ஒளிச்சு வச்சிருந்தே?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. பயம் இருந்தது, அதற்கடியில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அத்தனை பெரிய முதலாளியும் இன்ஜினீயர் மகனும் சேர்ந்து தேடியும் கண்டுபிடிக்க முடியாதபடி தன் மகள் ஒளித்துவிட்டாள் என்ற பெருமை.

"ஒண்ணும் ஒளிக்கலம்மா. சத்தியமா பிடிச்சதாலதான் கேட்டேன்."

"சரி விடு. சொல்ல வேண்டாம்னா சொல்லாத," என்றாள். "இனிமே மட்டும் செய்யாத."

பிரஸ்ஸில், அவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால், எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அந்தப் பஸ்ஸில் வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதேன். நான் ஒப்புக்கொண்டுவிட்டதாக அம்மா எடுத்துக்கொண்டாள். திருத்தங்கல் வரும்வரை முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே வந்தாள்.